பெருங்கடலின் வம்சங்கள் – 9: காரை மேட்டில் ஒரு கடல்

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்றொரு கிராமம். அதற்கும் கொளக்காநத்தத்துக்கும் இடையே, மழை அரித்து வரிவரியாகப் பிளந்துபோன களிமண் மேடுகள் கிடக்கின்றன. புல்கூட முளைக்கத் தயங்கும் பூமி. கடற்கரைக்குப் போக வேண்டுமானால் அங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய 100 கி.மீ. பயணப்பட வேண்டும். ஆனால் நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்த பிறகு அந்த மேடுகளில் குனிந்து பார்த்தபடி நடப்பவர் கண்ணில் படுவதெல்லாம் கடலின் உடைமைகள்தான். விரல் நீளத்தில் ஒரு முனை கூராக இருக்கும் பழுப்புக் கற்கள், சிப்பித் துண்டுகள், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு சுறாவின் பல். இவற்றோடு, உள்நோக்கிச் சுருண்டு சுருண்டு மையத்தில் ஒரு புள்ளியாக முடியும் கல் ஓடுகள். இந்த வாரக் கதையின் நாயகர்கள் அந்தச் சுருள் ஓடுகளின் சொந்தக்காரர்கள்: அம்மோனைட்டுகள்.

டிரைலோபைட்டுகள் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் பேரழிவில் முற்றாக முடிந்துபோனதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே பேரழிவில் அம்மோனைட் வம்சமும் அழிவின் விளிம்புவரை போனது. தப்பியவை இரண்டு மூன்று கிளைகள்தான். ஆனால் அடுத்த பத்திருபது லட்சம் ஆண்டுகளுக்குள் அந்த இரண்டு மூன்றிலிருந்து நூற்றுக்கணக்கான இனங்கள் கிளைத்துவிட்டன. புவியின் கணக்கில் அது மிகக் குறுகிய அவகாசம். டிரயாசிக் காலம் முடியும்போது மறுபடியும் ஒரு பேரழிவு, மறுபடியும் ஓரிரு கிளைகள் மட்டுமே மிச்சம், மறுபடியும் ஒரு பெருக்கம். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் டெவோனியன் காலத்தில் தொடங்கி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மறையும்வரை, விழுவதும் எழுவதுமாகவே இந்த வம்சம் வாழ்ந்திருக்கிறது. கடலில் இத்தனை முறை மீண்டு வந்த இன்னொரு விலங்குக் கூட்டத்தைச் சொல்வது கடினம்.

பார்ப்பதற்கு நத்தை போல இருந்தாலும் அம்மோனைட் நத்தை அல்ல. கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவு. நத்தை ஓட்டின் உள்ளே ஒரே நீண்ட குழாய்தான்; நத்தையின் உடல் அதற்குள் உள்வரை சுருண்டு கிடக்கும். அம்மோனைட்டின் ஓட்டிலோ குறுக்குச் சுவர்கள் எழுந்து அறை அறையாகப் பிரிந்திருக்கும். விலங்கு வசிப்பது வாசலை ஒட்டிய கடைசி அறையில் மட்டும். வளர வளர அது உடலைச் சற்று முன்னே நகர்த்திக்கொண்டு, முதுகுப் பக்கம் ஒரு புதுச் சுவர் எழுப்பும். அடைபட்ட அறையில் முதலில் திரவம் நிறைந்திருக்கும். எல்லா அறைகளையும் துளைத்துக்கொண்டு போகும் ஒரு மெல்லிய சதைக் குழல் அந்தத் திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி வெளியேற்ற, அந்த இடத்தில் வாயு வந்து சேரும். ஓட்டின் கனத்தை இப்படி வாயு அறைகளால் ஈடுகட்டிக்கொண்டு, மூழ்காமலும் மேலே கிளம்பிவிடாமலும் நடுநீரில் மிதந்து வாழ முடிந்தது. தரையில் ஊர்ந்த ஓட்டுடலிகளின் வம்சத்திலிருந்து நீந்தக் கிளம்பியவர்களுக்கு இந்த ஏற்பாடுதான் கைகொடுத்தது.

அந்தக் குறுக்குச் சுவர் ஓட்டின் உட்புறத்தைத் தொடும் இடத்தில் ஒரு கோடு விழுகிறது. ஆதிகால அம்மோனைட்டுகளில் அது சாதாரண வளைகோடு. கிரிட்டேஷியஸ் காலத்துக்கு வரும்போது வளைவுக்குள் வளைவு, அதற்குள் இன்னொரு வளைவு என்று சிக்குக்கோலம் போல மடிந்து மடிந்து போகிறது. காரையில் கிடைக்கும் ஓர் ஓட்டின் மேல்தோல் உரிந்த இடத்தில் இந்த இழைகளை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். நீரழுத்தத்தைத் தாங்க ஓட்டுக்கு வலுச் சேர்க்கவா, திரவத்தைப் பிடித்துவைக்கவா என்று ஆய்வாளர்களிடையே வாதம் இன்னும் நடக்கிறது. இனத்துக்கு இனம் இந்தக் கோடு மாறுபடும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. இனத்தை அடையாளம் காண இதைவிட நல்ல கைரேகை கிடையாது.

காரை எப்படிக் கடலடியானது? இந்தியத் துணைக்கண்டம் அண்டார்டிகாவை உள்ளடக்கிய பழைய தென்பெருங்கண்டத்திலிருந்து பிய்ந்து வடக்கே நகர்ந்தபோது, கிழக்கு விளிம்பில் நிலம் விரிசல்விட்டுத் தாழ்ந்தது. இன்றைய காவிரிப் படுகை அந்தப் பள்ளங்களில் ஒன்று. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் உள்ளே புகுந்தது. இடையிடையே பின்வாங்கியும் திரும்பி வந்தும், 4 கோடி ஆண்டுகளுக்கு மேலாக அடுக்கடுக்காகச் சேறும் மணலும் சுண்ணாம்பும் படியவைத்தது. கீழடுக்குகளுக்கு ஊட்டத்தூர், நடுவில் உள்ளவற்றுக்குத் திருச்சிராப்பள்ளி, மேலே அரியலூர் என்று புவியியலாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். உலகின் எந்த மூலையில் கிரிட்டேஷியஸ் கடலை ஆராய்பவரும் இந்த மூன்று ஊர்ப்பெயர்களையும் அறிவார். அந்த ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு விஷயம். பள்ளிப் பாடத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

இந்த அடுக்குகளை வெளியுலகம் அறிந்தது 1840-களில். சென்னை மாகாணத்தில் அதிகாரிகளாக இருந்த கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கிடைத்த கல் ஓடுகளைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவற்றை ஆராய்ந்தவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ், அக்காலத்தின் முன்னணிக் கடல் உயிரியலாளர். 1846-இல் அவர் அறிக்கை வெளியானது. புதிய அம்மோனைட் இனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. பெயர் வைக்க வேண்டுமே! ஃபோர்ப்ஸ் இந்துக் கடவுளரின் பட்டியலைத் திறந்துவிட்டார். பிரம்மா, விஷ்ணு, இந்திரன், வருணன் என்று வரிசையாக இனப்பெயர்கள் பிறந்தன. பிற்காலத்தில் பேரினங்கள் மாறினாலும் இனப்பெயர்கள் அப்படியே நிலைத்தன. 'பிரம்மைட்டஸ் பிரம்மா'வில் கடவுள் பெயர் இரண்டு முறையே வந்துவிட்டது. 'சூடோஃபில்லைட்டஸ் இந்திரா' என்ற இனம் தென்னாப்பிரிக்காவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் கனடாவின் பசிபிக் கரையிலும் பின்னர் கிடைத்தது. அந்நாட்டு ஆய்வாளர்களும் இந்திரன் பெயரைச் சொல்லித்தான் அதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. பெயர் போன இடம் பெரிதல்ல. ஒரே இனம் அத்தனை கரைகளிலும் வாழ்ந்திருக்கிறது என்பதுதான் செய்தி. அன்றைய பெருங்கடல்கள் இவற்றுக்கு ஒரே வீதியாக இருந்தன.

தமிழகத்துக்கும் இந்த ஓடுகளுக்கும் அதைவிடப் பழைய உறவு ஒன்று உண்டு. வைணவர் வீடுகளில் பூஜிக்கப்படும் சாளக்கிராமம் நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் உருண்டு வரும் கருங்கல். அதனுள் சக்கரம் போலத் தெரிவது ஓர் அம்மோனைட். இமயமலை எழுவதற்கு முன் அங்கே இருந்த டெதிஸ் கடலில், ஜுராசிக் காலத்தில் வாழ்ந்தது. காரை ஓடுகளைவிட வயதில் மூத்தது.

ஃபோர்ப்ஸ் பெட்டியில் வந்த கற்களைத்தான் பார்த்தார். மண்ணில் நடந்து அடுக்குகளைப் பிரித்தறிந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்ற மூன்று பிரிவுகளும் அவர் வகுத்தவையே. இந்தியத் தொல்லுயிர்களுக்கென்று அத்துறை தொடங்கிய நூல் வரிசையின் முதல் பகுதியே தென்னிந்தியக் கிரிட்டேஷியஸ் ஓடுகளைப் பற்றியதுதான். 1861-இல் பிளான்ஃபோர்ட் அதில் பெலம்னைட்டுகளையும் நாட்டிலஸ் வகைகளையும் விவரித்தார். காரையில் விரல் விரலாகக் கிடக்கும் அந்தக் கூர்முனைக் கற்கள்தாம் பெலம்னைட்டுகள், கணவாய் போன்ற ஒரு விலங்கின் உள் எலும்பு. பிளான்ஃபோர்ட் பிறகு வானிலைப் பக்கம் திரும்பி, 1875-இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார்.

அம்மோனைட்டுகளை எடுத்துக்கொண்டவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டு மண்ணில் பிறந்து, 1862-இல் கல்கத்தா வந்து சேர்ந்தவர். அம்மோனைட்டுகளில் ஆரம்பித்து நத்தைகள், சிப்பிகள், கடல் முள்ளெலிகள், பவளங்கள் என்று அரியலூர்க் கடலின் குடிகள் அனைவரையும் 1873-க்குள் பெரும் தொகுதிகளில் படம் போட்டு விவரித்துவிட்டார். பத்தாண்டு உழைப்பு. மறுவருடம் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் உயரத்தில் நோய்கண்டு இறந்தார். வயது 36. அவருடைய கல்லறை லே நகரில் இருக்கிறது. அவர் வரைந்து விவரித்த ஓடுகள் கொல்கத்தாவில் இருக்கின்றன. அரியலூரைப் பற்றி இன்று யார் எழுதினாலும் ஸ்டோலிச்காவின் தொகுதிகளைப் புரட்டாமல் எழுத முடியாது. அவர் பெயரில் அரியலூரில் ஒரு தெருவாவது இருந்திருக்க வேண்டும்.

அந்தத் தொகுதிகளைப் புரட்டினால் முதலில் வியக்கவைப்பது வடிவங்களின் வகை. அம்மோனைட் என்றால் வட்டச் சுருள் என்ற எண்ணம் சீக்கிரமே கலைந்துவிடும். டர்ரிலைட்டஸ் கோபுரம் போல மேல்நோக்கிச் சுற்றி ஏறுகிறது. பாகுலைட்டஸ் குஞ்சாக இருக்கும்போது மட்டும் சுருண்டு, பிறகு நேரே நீண்டு கோலாகிவிடுகிறது. புதுச்சேரி அடுக்குகளில் இந்தக் கோல்கள் அடர்ந்து கிடைத்தன. அங்கிருந்து ஃபோர்ப்ஸ் விவரித்த ஒரு கோல் வகை இன்று யூபாகுலைட்டஸ் என்ற பேரினத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஜப்பானில் கிடைத்த நிப்பொனைட்டஸ் இதையெல்லாம் மிஞ்சியது. 1904-இல் அதை விவரித்தபோது, பார்த்தவர்கள் அது ஊனமுற்ற பிராணியாக இருக்கலாம் என்றே நினைத்தார்கள், அப்படி முறுக்கிப் பின்னிக்கொண்டிருந்தது. அதே வடிவில் மேலும் மேலும் கிடைத்த பிறகுதான் அதுவே அதன் இயல்பு என்று புரிந்தது. அளவிலும் அப்படித்தான். நகக்கண்ணில் அடங்கும் இனங்கள் உண்டு. 1895-இல் ஜெர்மனியின் செப்பன்ராடே ஊர்ச் சுரங்கத்தில் கிடைத்த பராபுசோசியாவின் விட்டம் 1.74 மீட்டர், அதிலும் வாசல் பகுதி உடைந்துபோனது போக மிஞ்சிய அளவு அது.

இவை எதைத் தின்று வாழ்ந்தன? ஓடு கல்லாகும், சதை கல்லாகாது. அதனால் இந்தக் கேள்வி நெடுங்காலம் தொங்கிக்கொண்டிருந்தது. 2011-இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கிடைத்த ஒரு பாகுலைட்டஸை வலுவான எக்ஸ்-கதிர்களால் ஊடுருவிப் பார்த்தபோது, வாய்க்குள் பல்வரிசை அப்படியே இருந்தது. கூடவே, அது கடைசியாகக் கடித்த கவளமும் இருந்தது: ஒரு குட்டியூண்டு நத்தையும் சில மிகச் சிறிய ஓட்டுக்கணுக்காலிகளும். மிதவை உயிர்களைத் தின்று வாழ்ந்திருக்கிறது. இந்தச் செய்தியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அம்மோனைட்டுகள் ஏன் அழிந்தன என்ற கேள்விக்கு அது உதவும்.

இத்தனை வேகமாக மாறியதும் இத்தனை பரவலாகத் திரிந்ததும் புவியியலாளர்களுக்கு வேறொரு வகையில் வரமானது. ஓர் இனம் தோன்றி மறையச் சில லட்சம் ஆண்டுகளே ஆனால், அது கிடைக்கும் பாறையின் வயதும் அந்த அளவுக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடும். ஜெர்மானியரான ஆல்பர்ட் ஓப்பல் 1850-களில் ஜுராசிக் பாறைகளை இப்படி அம்மோனைட் வாரியாகக் கூறுபோட்டுக் காட்டினார். கதிரியக்கத்தால் வயதளக்கும் முறை வருவதற்கு அரை நூற்றாண்டு முந்திய வேலை அது. காரையின் களிமண் எந்தக் காலத்தது, ஐரோப்பாவின் எந்த அடுக்குக்குச் சமம் என்று பிளான்ஃபோர்டும் ஸ்டோலிச்காவும் சொல்ல முடிந்ததும் இந்த வழியில்தான்.

2020-இல் குன்னம் அருகே ஒரு குளத்தில் மண் எடுத்தபோது, பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. படம் எடுக்கக் கூட்டம் கூடியது. பார்த்துச் சொன்ன நிபுணர்கள், அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் போன்ற கடல் உயிர்களைச் சுற்றி வண்டல் திரண்டு இறுகிய உருண்டைகள் என்றார்கள். அதோடு கூட்டம் கலைந்துவிட்டது. டைனோசர் இல்லையென்றால் ஆர்வமும் இல்லை! அந்த உருண்டைக்குள் இருப்பது டைனோசர்களைவிடவும் பழைய வம்சம் என்பதை யாராவது அன்று உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அரியலூர் அடுக்குகளின் மேற்பகுதியில் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் வருகிறது. கிரைஃபியா என்ற தடித்த சிப்பிகள் குவிந்து குவிந்து உருவான கல். அரியலூர் சிமென்ட் நகரமானது இந்தச் சிப்பிகளால்தான். தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றின் சுவரில் அந்தக் கடலின் தூள் கலந்திருக்கிறது. சுரங்கம் வெட்டாமலிருந்தால் பல அடுக்குகள் வெளியே தெரிந்திருக்கவே மாட்டா என்பது உண்மை. வெட்டிய கல்லோடு ஓடுகளும் அரவைக்குப் போகின்றன என்பதும் உண்மை. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்று இருப்பதும், காரை மேடுகளைப் புவியியல் மரபுச் சின்னமாக அறிவித்திருப்பதும் ஆறுதல். ஆனால் அரவைக்கு முன் ஒவ்வொரு சுரங்க முகப்பையும் ஒரு தொல்லுயிர் மாணவர் பார்வையிடும் ஏற்பாடு இருந்தால், இழப்பு பாதியாகக் குறையும். அதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.

இனி முடிவுக் காட்சி. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய மெக்சிகோவின் யுகட்டான் கரையில் விண்கல் மோதியது. அரியலூரில் அந்தத் தருணத்தின் கடற்படிவு கிடைப்பதில்லை. அப்போது கடல் பின்வாங்கியிருந்தது. கல்லமேடு அடுக்கில் ஆற்று மணலும் டைனோசர் எலும்புகளும்தான் இருக்கின்றன. அதற்கு மேலே, கடல் திரும்பி வந்து படியவைத்த அடுக்கு செந்துறைப் பக்கம் நின்னியூரில் தெரிகிறது. அந்த அடுக்கில் எத்தனை தேடினாலும் ஓர் அம்மோனைட் கிடையாது. 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட வம்சம் ஒரு பக்கம் புரட்டுவதற்குள் காணாமல் போயிருக்கிறது. ஆனால் சுருள் ஓடு ஒன்று கிடைக்கிறது! 'நாட்டிலஸ் டானிகஸ்' என்று பழைய நூல்களிலும் 'ஹெர்கோகிளாசா டானிகா' என்று புதிய நூல்களிலும் பெயர் பெற்ற அந்த இனம், டென்மார்க்கின் சுண்ணாம்புப் பாறைகளிலும் இருப்பது. அம்மோனைட்டுகளின் தூரத்து உறவான நாட்டிலஸ் குலத்தைச் சேர்ந்தது.

இரண்டுக்கும் ஓடு ஒரே கொள்கையில் கட்டப்பட்டதுதான். நாட்டிலஸ் குலம் அம்மோனைட்டுகளைவிடப் பழமையானது, மெதுவானது, வகையில் குறைந்தது. கிரிட்டேஷியஸ் கடலில் நின்று பந்தயம் கட்டியிருந்தால் யாரும் அதன் பக்கம் காசு வைத்திருக்க மாட்டார்கள். பிறகு எப்படி இது தப்பியது, அது மாண்டது?

பதிலின் பெரும்பகுதி முட்டையில் இருக்கிறது. அம்மோனைட் ஓட்டின் நடுப்புள்ளியை உருப்பெருக்கியில் பார்த்தால், பொரித்து வெளிவந்தபோது இருந்த ஓடு தெரியும். விட்டம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அப்படிப்பட்ட குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் கடலின் மேல்நீரில் மிதவை உயிர்களோடு மிதவை உயிர்களாகத் திரிந்து, அவற்றையே தின்று வளர்ந்தன. நல்ல காலத்தில் இது அருமையான உத்தி. ஓர் இனம் கடல் முழுக்கப் பரவலாம், ஒரு பேரழிவிலிருந்து சட்டென்று மீளலாம். ஆனால் விண்கல் மோதிய பின் வானம் இருண்டது, மேல்நீர் அமிலமேறியது, மிதவை உயிர்கள் செத்து விழுந்தன. குஞ்சுகளின் வீடும் சாப்பாடும் ஒரே நேரத்தில் போயின. நாட்டிலஸோ சில பெரிய முட்டைகளை மட்டும் இடும். அவை பொரிய ஏறக்குறைய ஒரு வருடமாகும். வெளிவரும் குஞ்சு இரண்டரை சென்டிமீட்டர் ஓட்டோடும் ஏழெட்டு அறைகளோடும், பெரிதானதன் சிறிய பிரதியாகவே வரும். ஆழத்தில் வாழும், பிணம் தின்னும், உணவு குறைந்த காலத்தையும் நிதானமாகத் தள்ளும்.

சில அம்மோனைட்டுகள் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்திருக்கலாம் என்பதற்கு டென்மார்க்கிலும் நியூஜெர்சியிலும் தடயங்கள் உண்டு. அப்படித் தப்பி நின்றவை பெரும்பாலும் பரந்து வாழ்ந்த இனங்கள். யூபாகுலைட்டஸ் கோல்களும் அவற்றில் அடக்கம். ஆனால் அதற்கு மேல் நீடிக்கவில்லை.

இன்று மிஞ்சியிருக்கும் நாட்டிலஸ் குலம் விரல்விட்டு எண்ணக்கூடிய இனங்களே. பிலிப்பைன்ஸ், பலாவ், ஃபிஜி, நியூ கலிடோனியா, ஆஸ்திரேலியாவின் பவளப்பாறைச் சரிவுகளில் 100 முதல் 700 மீட்டர்வரையான ஆழத்தில் வாழ்கின்றன. 800 மீட்டர்வாக்கில் போனால் அழுத்தத்தில் ஓடு நொறுங்கிவிடும். தொண்ணூறு அளவில் தும்பிக்கைகள், ஆனால் ஒன்றிலும் உறிஞ்சி இல்லை. கண்ணில் வில்லை இல்லை. ஒரு துளை மட்டும், அதன்வழியே கடல்நீரே உள்ளே போய்வரும். ஆகவே மோப்பம்தான் வழிகாட்டி. முந்நூறு ஃபாத்தத்துக்கு, அதாவது சுமார் 550 மீட்டருக்குக் கீழே கடலில் உயிரே இருக்காது என்று ஒருவர் 1843-இல் கருத்துச் சொன்னார். அவர் வேறு யாருமல்ல, பிரம்மாவுக்கும் இந்திரனுக்கும் பெயர் வைத்த அதே எட்வர்ட் ஃபோர்ப்ஸ். தப்பிய வம்சம் அந்த எல்லைக்குக் கீழேயும் போய்வந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

பேரழிவைத் தாண்ட உதவிய அதே நிதானம் இப்போது இடைஞ்சலாகிவிட்டது. நாட்டிலஸ் வயதுக்கு வரவே 12 முதல் 15 ஆண்டுகளாகும். அதற்குமுன் வலையில் மாட்டினால் அதன் வாரிசு இல்லை. பளபளக்கும் ஓட்டுக்காக, அலங்காரப் பொருளுக்கும் நகைக்கும் என்று பிடித்துப் பிடித்துப் பிலிப்பைன்ஸின் சில பகுதிகளில் அது அரிதாகிவிட்டது. 2016-இல்தான் அழியும் உயிர்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் நாட்டிலஸ் குலம் முழுவதும் சேர்ந்தது; அதற்குப் பிறகு அனுமதியில்லாமல் எல்லை தாண்டி விற்க முடியாது. அலங்காரக் கடையில் குறுக்கே அறுத்து மெருகேற்றிய நாட்டிலஸ் ஓட்டைக் கண்டால், வாங்காமல் இருப்பதே நல்லது.

அறைகளால் மிதக்கும் உத்தி நாட்டிலஸோடு முடியவில்லை. கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை, சித்த மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பதை, கையால் உடைத்துப் பார்த்தால் உள்ளே மெல்லிய தட்டுகள் நூற்றுக்கணக்கில் அடுக்கியிருப்பது தெரியும். ஒவ்வொரு இடைவெளியும் ஓர் அறை. வெளி ஓட்டை உடலுக்குள் வாங்கிக்கொண்ட ஓட்டுக்கணவாயும், அதை மெல்லிய தகடாக்கிவிட்ட ஊசிக்கணவாயும், அடியோடு துறந்துவிட்ட பேய்க்கணவாயும் எப்படி வந்தன என்பது அடுத்த வாரம்.